தண்ணீர் கூடாது

மார்ச் 9

அன்புள்ள மருமகளுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் தூக்கம் இல்லை, இங்கே வந்தும் இல்லை. உன் நாத்தனார் தினமும் உன்னோடு போனில் பேசிவிட்டு வந்து, என்னிடம் சத்தம் போட்டுச் சொல்கிறாள். எனக்குப் பாதிதான் விழுகிறது. முப்பத்தைந்து வருஷம் மின்நிலையத்தில் டர்பைன் பக்கத்தில் நின்றேன், அது என் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் நீ எனக்கு எழுது. கண் இன்னும் என் சொல்பேச்சு கேட்கிறது.

என் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரிகிறது, மூளைக்கு ஏறவில்லை. நேற்றுகூட மகளிடம், "அவன் ஷிப்ட் முடிஞ்சு வந்திருப்பான், ஒரு போன் போடு" என்றேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது. எனக்கு எரிகிறது அம்மா. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நான் கிளம்பிய அன்று நீ அடுக்களையில் இருந்தாய். குட்டி என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, அப்பா போன பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள். கண்டென்சரைப் பெட்டி என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறான் போல. நான் விளக்கினேன். வீடு அளவு இரும்புப் பெட்டி அது. உள்ளே ஆயிரக்கணக்கில் மெல்லிய குழாய்கள் படுத்திருக்கும். குழாய்க்குள் கடல் தண்ணீர் ஓடும். டர்பைனைச் சுற்றிவிட்டுக் களைத்துப்போன நீராவி மேலேயிருந்து வந்து விழும், குளிர்ந்த குழாயைத் தொட்டதும் நல்ல தண்ணீராகிப் பாய்லருக்குத் திரும்பிப் போகும். "ரெண்டு தண்ணியும் கலந்துடாதா?" என்றாள். என் ஆயுசு முழுக்க நான் மாரடித்த கேள்வியை அவள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். உன் மூளை அப்படியே வந்திருக்கிறது.

பித்தளைக் குழாய் இருந்த காலத்தில் கலக்கத்தான் செய்தது. கடல் தண்ணீர் அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழும். அதன் வழியே உப்பு போய்ப் பாய்லரின் குடலை அறுக்கும். ஓட்டை எங்கே என்று தெரியாமல் மரத்தூளை மூட்டை மூட்டையாகக் கடல் தண்ணீரில் கொட்டுவோம், தூள் தானாகப் போய் ஓட்டையை அடைக்கும். மரத்தூளை நம்பிப் பிழைத்த மின்நிலையம் அது. டைட்டானியம் போடலாம் என்று நான் சொன்னபோது மேலே இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். குழாயின் சுவர் விரல் நகம் அளவுகூடத் தடிமன் இல்லை, இதுவா கடலைத் தாங்கும் என்றார்கள். பிடிவாதமாகப் போட்டேன். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஓர் ஓட்டை இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அந்தக் குழாயா என் பிள்ளையைத் தின்றது?

நான் கேள்விப்பட்டது இதுதான். பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த பெட்டிக்குள் மேலே ஒரு பழைய தாங்கியை வெல்டர் அறுத்துக்கொண்டிருந்தான். பொறி கீழே விழுந்து குழாய்க்கட்டில் பற்றிக்கொண்டது. அவன் உள்ளே மாட்டிக்கொள்ள, அவனை எடுக்க என் பிள்ளை மேன்ஹோல் வழியாக உள்ளே இறங்கினான். வெளியே ஹோஸ் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர், அந்த நெட்டை, தண்ணீரைத் திறந்துவிட்டான். எரிகிற டைட்டானியத்தில் தண்ணீர் பட்டால் அணையாது, வெடிக்கும். அவனுக்குச் சொல்லித் தரப்பட்ட விஷயம் இது. மேன்ஹோல் பக்கத்திலேயே "தண்ணீர் கூடாது" என்று பலகை தொங்குகிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போவதில்லை. விசாரணைக் குழுவுக்கு எழுதப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ அப்போது நிலையத்து லேபில் வேலையில் இருந்தாயாமே. அங்கே ஒரு வாக்கி டாக்கி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், என் காலத்திலும் அப்படித்தான். கடைசியில் அவன் ஏதாவது பேசினானா? உன் காதில் விழுந்ததா? பெற்றவன் கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு அம்மா. உனக்காக இல்லாவிட்டாலும் குட்டிக்காக.

மாமா

மார்ச் 17

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

வேலைக்குத் திரும்பிவிட்டேன். இவ்வளவு சீக்கிரமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் வந்து என்னை அழவைத்துவிட்டுப் போகிறார்கள். லேபில் யாரும் என் பக்கம் வருவதில்லை, என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருக்கிறது.

நீங்கள் பெட்டியைப் பற்றிச் சொன்னதைக் குட்டி பள்ளியில் எல்லாரிடமும் சொல்கிறாளாம். அவள் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, குழந்தை ஏதேதோ பேசுகிறாள் என்று கவலைப்பட்டார். இல்லை, அவள் சொல்வது எல்லாம் சரிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் குழுவினர் கண்டென்சரிலிருந்து சாம்பல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். லேபில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், மற்றவர் விடுப்பில் இருக்கிறார். டப்பாவைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி இருந்தது. டைட்டானியம் எரிந்தால் மிஞ்சுவது அதுதான், சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருப்பதும் அதுதான். எடை போட்டேன், கரைத்துப் பார்த்தேன், முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வெல்டரை முழுதாக எடுக்க முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டப்பாவுக்குள் என்னென்ன கலந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கையைக் கழுவினேன், இரண்டு முறை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: என் காதில் எதுவும் விழவில்லை. வாக்கி டாக்கியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அலாரம் அடித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

நெட்டை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் மாமா. உங்கள் மகனை மேன்ஹோலிலிருந்து இழுத்து வெளியே போட்டது அவர்தான். அதில் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டன. அவர் இல்லையென்றால் நாம் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். உங்கள் கையில் வேலை பழகியவர்தானே. அவரை உங்களுக்குத் தெரியாதா?

மருமகள்

மார்ச் 26

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் பார்த்தேன். சாம்பலை உன்னிடமே கொடுத்திருக்கிறார்கள். மூளை என்ற ஒன்று அந்த ஆபீசில் யாருக்கும் இல்லை. என் காலமாக இருந்தால் கொண்டுவந்தவனை அந்த டப்பாவோடு கடலுக்குள் நடக்கவிட்டிருப்பேன்.

சார்ஜ் தீர்ந்திருந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. மணல் மணல் என்று ஒருவன் கத்த, திற திற என்று ஒருவன் கத்த, அந்தக் கூச்சலெல்லாம் உன் காதில் விழாமல் போனதே பெரிய விஷயம். வாழ்நாளெல்லாம் மனதில் நின்றிருக்கும்.

நெட்டைக்காகப் பரிந்து பேசுகிறாய். உன் மனசு அப்படி. ஆனால் கை வெந்துபோனதால் அவன் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. குழுவிலிருந்து எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள், டைட்டானியத்தைக் கொண்டுவந்தவன் என்ற முறையில் விதிமுறை என்னவென்று சொல்லுங்கள் என்று. விலாவாரியாக எழுதிவிட்டேன். பலகை இருந்தது, பயிற்சி கொடுத்தோம், மணல் மூட்டை வைத்திருந்தோம், மீறியது ஆபரேட்டர். என் வார்த்தைக்கு அங்கே இன்னும் எடை உண்டு. வழக்குப் போடுவார்கள் போலிருக்கிறது. போடட்டும், கொஞ்ச காலம் கம்பி எண்ணினால்தான் அடுத்தவனுக்குப் புத்தி வரும்.

நல்ல செய்தி ஒன்று. புதிதாகக் கட்டிய பயிற்சிக் கூடத்துக்கு அவன் பெயரை வைக்கப் போகிறார்கள். அடுத்தவன் உயிரைக் காக்கப் போய்த் தன் உயிரைக் கொடுத்தவன் என்று கல்லில் வெட்டுவார்களாம். குட்டி பள்ளிப் பேருந்தில் போகும்போது ஜன்னலிலிருந்தே தெரியும். இதைக் கேட்ட அன்று எனக்கு முதல் முறையாகச் சோறு இறங்கியது.

உன் நாத்தனார் எனக்குக் காது மெஷின் வாங்கிவந்திருக்கிறாள். மாட்டினால் குக்கர் விசில் காதுக்குள் வந்து அடிக்கிறது, மனிதர் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன்.

உன்னையும் குழு கூப்பிடும். சார்ஜ் தீர்ந்திருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிடு. மேலே எதுவும் பேசி வம்பில் மாட்டிக்கொள்ளாதே.

மாமா

ஏப்ரல் 8

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மணல் என்று ஒருவன் கத்த, திற என்று ஒருவன் கத்த என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உங்களுக்கு யார் சொன்னது? குழு அதுவரை யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. உள்ளே இருந்த இருவரும் உயிரோடு இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. கட்டுப் போட்ட கைகளை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் உயரத்துக்கு அந்த அறையில் காலை நீட்டவே இடமில்லை. மனைவி பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க இங்க வரக்கூடாதும்மா. பெரியவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு."

"அவர் ஏன் வருத்தப்படணும்?"

"அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே. உங்க வீட்டு மாடிப்படியில வச்சு, காதுகிட்ட வாய வச்சுச் சொன்னேன். 'நீ வாயத் திறக்காத, பிள்ளை பேரு கெட்டுடும். உன்ன நான் பாத்துக்கறேன்'னாரு. அவர் சொன்னா சொன்னதுதான்."

நீங்கள் குழுவுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவருக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பெரியவரு அப்படிச் செய்ய மாட்டாரும்மா, யாரோ மாத்திச் சொல்லியிருக்காங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னார். அவர் மனைவி மட்டும் தட்டைத் தரையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சார்ஜ் தீரவில்லை மாமா. உங்களிடம் பொய் சொன்னேன். உண்மை தெரிந்தால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று பயந்தேன். இப்போது எழுதுகிறேன். நான் கேட்டது இது.

"தண்ணியத் திறடா!" இது உங்கள் மகன்.

"சார், வேணாம் சார், இது டைட்டானியம். மணல் வந்துட்டிருக்கு சார்." இது நெட்டை.

"மணல் வர்றதுக்குள்ள இவன் செத்துருவான்! நான் சொல்றேன், திற! அப்பா இருந்தா இந்நேரம் திறந்திருப்பாரு!"

பிறகு ஒரு வெடி. பிறகு வெறும் கரகரப்பு. சோதனைக் குழாயைக் கையில் பிடித்தபடி அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

டைட்டானியம் போட்ட வருஷம் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. குழாய் முனைகளைச் சீவிய தூள் குப்பைத்தொட்டியில் பற்றிக்கொண்டதும், குழாய் கம்பெனிக்காரர் அலறிக்கொண்டு மணலுக்கு ஓடினார். நீங்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கடல வாசல்ல வச்சுக்கிட்டு நெருப்புக்கு மணல் தேடுறவன இன்னைக்குத்தான்யா பாக்கறேன்" என்றீர்கள். மொத்தப் பேரும் சிரித்தார்களாம். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் எனக்கும் அதைச் சொன்னீர்கள். உங்கள் மகனும் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். பித்தளைக் காலத்தில் உள்ளே மரக்கட்டையோ துணியோ பற்றினால் தண்ணீரைத் திறப்பது சரி. குழாய் மாறியது, உங்கள் பேச்சு மாறவில்லை. பலகை மேன்ஹோல் பக்கத்தில்தான் தொங்கியது. நெருப்பைப் பார்த்ததும் அவர் நினைவுக்கு வந்தது பலகை இல்லை, நீங்கள்.

கடைசியில் அவன் ஏதாவது பேசினானா, பெற்றவன் கேட்கிறேன் என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்து நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? அவர் என்ன பேசினார் என்று உங்களுக்கு அப்போதே தெரியும். நான் கேட்டேனா, வெளியே சொல்லிவிடுவேனா என்று வேவு பார்த்திருக்கிறீர்கள். என்னிடமே.

இந்த மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீங்களே குழுவுக்கு எழுதி மாற்றிக்கொண்டால் நான் பேச வேண்டியிருக்காது. உங்கள் வார்த்தைக்குத்தான் அங்கே எடை.

மருமகள்

ஏப்ரல் 15

மருமகளே,

வேவு என்று எழுதிவிட்டாய். எழுது. பேனா உன் கையில் இருக்கிறது.

ஆமாம், தெரியும். நெட்டை மாடிப்படியில் நின்று சொன்னான். கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையில் அவன் மூச்சு சுட்டது இன்னும் இருக்கிறது. எனக்குக் காது போய்விட்டது என்று ஊரே சொல்கிறது, ஆனால் அந்த வாக்கியம் மட்டும் பளிச்சென்று விழுந்தது. அப்பா இருந்தால் திறந்திருப்பாராம். அதை ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து மூன்று பேருக்கு நீ ஒப்பிக்கப் போகிறாயா?

நான் சிரித்ததற்காகவா நெருப்பு பிடித்தது? அறுப்பதற்கு முன்னால் குழாய்க்கட்டின் மேல் கனமான தீப்போர்வையை இழுத்து மூட வேண்டும். மூடினார்கள், ஓரத்தில் எட்டவில்லை. அதை யார் பார்த்திருக்க வேண்டும்? வேலை தொடங்கலாம் என்று பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? என் பிள்ளைதான். இதுவரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, ஆபரேட்டர் கிடைத்துவிட்டானே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். நீ வாயைத் திறந்தால் அதையும் கிண்டி எடுப்பார்கள். கல்லில் பெயர் வெட்டப் போகிறவர்கள் குற்றப்பத்திரிகையில் வெட்டுவார்கள்.

உயிரோடு இருக்கிறவனுக்கு ஏதாவது ஒரு வழி உண்டு. நெட்டைக்கு நல்ல வக்கீலாக நான் வைக்கிறேன். வெளியே வந்ததும் வேறு இடத்தில் சேர்த்துவிடுகிறேன், எனக்கு ஆள் இருக்கிறது. செத்தவனுக்கு யார் என்ன செய்துவிட முடியும்? அவனுக்கு மிச்சம் பெயர் ஒன்றுதான். அவன் என்ன குடித்துவிட்டா செத்தான்? யாரோ ஒரு வெல்டருக்காக உள்ளே இறங்கினான். அந்த ஒன்றையாவது அவனிடமிருந்து பிடுங்காதே. ஒரு முறை செத்தவனை நீ மறுபடியும் கொல்லாதே.

உன்னிடம் நான் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் காலில் விழ வேண்டுமானால் ரயில் ஏறி வருகிறேன்.

கேட்காமல் பேசினால், எனக்கு அங்கே மருமகளும் இல்லை, யாரும் இல்லை. நாளைக்குக் குட்டி வளர்ந்து உன்னைக் கேட்பாள், அப்போது நீ பதில் சொல்லிக்கொள்.

ஏப்ரல் 29

மாமா அவர்களுக்கு,

நேற்று பேசிவிட்டேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதுவது நல்லது.

நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் அந்த நீள அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். வாக்கி டாக்கியில் கேட்டதை அப்படியே சொன்னேன். "அப்பா இருந்தா" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றேன். உங்களை நினைத்தேன். பிறகு அதையும் சொன்னேன், அதை விட்டுவிட்டால் அவர் பேசியது ஆகாது. யார் அந்த அப்பா என்று தலைவர் கேட்கவில்லை. அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெர்மிட்டைப் பற்றியும் கேட்டார்கள். கையெழுத்து அவருடையதுதான் என்றேன்.

நெட்டை பின்வரிசையில் இருந்தார். கட்டுப் போட்ட கைகளில் நெற்றியை வைத்துக்கொண்டு விசும்பினார். அவர்மேல் இருக்கிற குற்றச்சாட்டு நிற்காது என்று தலைவரே சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய சுமை இறங்கியது மாதிரி இருந்தது. உங்களோடு உறவு போனாலும் பரவாயில்லை, ஒரு நியாயம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அவள் அங்கே இருந்ததையே நான் கவனிக்கவில்லை. வெல்டரின் மனைவி. மாமா, நாம் இத்தனை கடிதம் எழுதினோம், அவளைப் பற்றி நீங்களும் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நான் சாம்பலை எடை போட்டேன். நீங்கள் யாரோ ஒரு வெல்டர் என்றீர்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்" என்றாள். "தண்ணி திறக்கறப்போ என் வீட்டுக்காரரு உசுரோட இருந்தாரா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று தலைவர் என்னிடம் சொன்னார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

உங்களுக்கு எழுதியபோது நான் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் குரல்களுக்குப் பின்னால் இன்னொரு குரல் இருந்தது. "சார், கால் மாட்டிக்கிச்சு சார். கால மட்டும் எடுத்துவிடுங்க சார்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. கத்தவில்லை. வேலையில் உதவி கேட்கிற மாதிரிதான் கேட்டார். உங்கள் மகன் திற என்று சொன்ன பிறகும் அது கேட்டது. வெடிக்குப் பிறகுதான் இல்லை.

ஆமாம் என்றேன்.

பொறி விழுந்த கணத்திலேயே முடிந்துவிட்டது, வலியே தெரிந்திருக்காது என்றுதான் எல்லாரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்களாம். அவள் பையின் காதை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்ப மணல் வர்ற வரைக்கும் விட்டிருந்தா?" என்றாள். மணல் மூட்டையைத் தூக்கிவந்த ஆட்கள் தண்ணீர் திறந்த நேரம் கடைசிப் படிக்கட்டில் இருந்தார்கள். எனக்கு அது தெரியும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். வாசலில் அவளுக்குச் செருப்பு மாட்ட வரவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

நெட்டையைக் காப்பாற்றினேன். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவள் கணவரைக் காப்பாற்ற உள்ளே போனவர் என் கணவர். அந்த உயிரை எடுத்ததும் அவர்தான். இரண்டும் உண்மையாக இருக்கும்போது நான் எதைப் பிடித்துக்கொள்வது?

கூடத்துக்குப் பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். கருகிய குழாய்களை அகற்றிவிட்டு மறுபடியும் டைட்டானியமே போடப் போகிறார்களாம். உங்கள் தேர்வைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, கவலைப்பட வேண்டாம்.

அவளுக்கு இந்த வீட்டிலிருந்து யாராவது எழுத வேண்டும் மாமா. நான் உட்கார்ந்து பார்த்தேன், கை ஓடவில்லை. என்னோடு நீங்கள் பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

மருமகள்

மே 23

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதினேன். நீ படித்திருந்தால் ஆயுசுக்கும் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாய். எழுதி முடித்து, ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவந்து கிழித்தேன்.

நெட்டைக்கு எழுதிவிட்டேன். அவன் பதில் போடவில்லை, போடவும் வேண்டாம். குழுவுக்கும் எழுதிவிட்டேன். அதெல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

காலையில் உன் நாத்தனார் வேலைக்குப் போனதும் அந்த அம்மாளுக்கு எழுத உட்காருகிறேன். உறை மேல் முகவரியை எழுதி வைத்திருக்கிறேன். தாளில் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அன்புள்ள என்று போட்டேன், அடித்தேன். என் அன்பு அவளுக்கு எதற்கு? மகளே என்று போட்டேன். அப்படியானால் என் பிள்ளை அவளுக்கு அண்ணன் ஆகிவிடுவான், அதை அவள் தலையில் கட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அம்மா என்று போட்டேன். கையேந்தி நிற்கிற மாதிரி இருந்தது. திருமதி என்று போட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

நான் வாழ்நாளில் எழுதியதெல்லாம் உத்தரவு. அதற்கு இந்தத் தொல்லை இல்லை, யார் செய்ய வேண்டும் என்று போட்டால் போதும். உள்ளே என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை என்ன சொன்னான், யார் பேச்சைக் கேட்டுச் சொன்னான், எதையும் விடமாட்டேன். படிக்கட்டில் வந்த மணலையும் எழுதுவேன், நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

அவளை எப்படிக் கூப்பிட்டால் அவள் தாளை மடக்கி வைக்காமல் இரண்டாவது வரிக்கு வருவாள் என்று மட்டும் நீ எனக்கு எழுது.

மாமா